வீட்டு விஷயம்: தேங்காயும் ஈரமும்

ஆடி மாதம் முதல் தேதி மாலையில் எங்கள் சேலம், நாமக்கல் சீமையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் தேங்காய் சுடுகிற வாசனைதான். வெளியூர் வாசகர்களில் சிலருக்கு இது புதிய சமாசாரமாக இருக்கலாம். ஆகையால் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முற்றிய தேங்காயை நார் போகத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, மஞ்சள் பூசி, மூன்று கண்களில் மிருதுவான கண்ணைத் துளைத்து நீரை ஒரு பாத்திரத்தில் இறுத்துக்கொள்வார்கள். அந்தத் துவாரத்தின் வழியாகப் பொட்டுக்கடலை, எள், அவல், பாசிப்பருப்பு, வெல்லம் எல்லாவற்றையும் உள்ளே செலுத்தி, இறுத்த நீரில் கொஞ்சம் மறுபடி விட்டு, அழிஞ்சில் குச்சியைக் கூராகச் சீவி அந்தக் கண்ணிலேயே சொருகிவிடுவார்கள். பிறகு வாசலில் நெருப்பு மூட்டிக் குழந்தைகள் ஆளுக்கொரு குச்சியைப் பிடித்துக்கொண்டு சுட வேண்டியதுதான். ஓடு கருகி வெடிப்பு விடும் சமயத்தில் எடுத்துப் பிள்ளையாருக்குப் படைத்து, உடைத்துச் சாப்பிடுவார்கள். பாரத யுத்தம் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்ததாகவும், அதன் நினைவாகவே இப்படிச் செய்வதாகவும் பெரியவர்கள் கதை சொல்வார்கள்.

கதை இருக்கட்டும். பண்டிகை முடிந்த மறுநாள் வீட்டில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் இந்தப் பகுதிக்கு உரிய விஷயம். சுடுவதற்கென்று வாங்கிய காய்களில் நாலைந்து மிச்சம் நிற்கும். கண் துளைக்கும்போது ஓடு விரிந்துபோன காய் ஒன்றிரண்டு இருக்கும். தலை ஆடிக்கு மாப்பிள்ளையை அழைத்திருக்கும் வீடுகளில் ஆடிப்பாலுக்காக உடைத்த மூடிகளும் சேர்ந்துகொள்ளும். இவற்றை என்ன செய்வது? ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “உடைத்த மூடி இரண்டாம் நாளே வழவழத்துப் போகிறது. கொப்பரையாகக் காயப் போட்டால் பூசணம் பூக்கிறது. செக்கில் ஆட்டி எண்ணெயாக வைத்தாலோ இரண்டு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கிறது. மூன்றுக்கும் தனித்தனியாக வைத்தியம் சொல்ல வேண்டும்.”

மூன்றுக்கும் தனித்தனி வைத்தியம் வேண்டாம். குற்றவாளி ஒருவனே, அவன் பெயர் ஈரம். புதிய தேங்காய்ப் பருப்பின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அதே பருப்பை நன்றாக உலர்த்திக் கொப்பரையாக்கினால் தண்ணீர் நூற்றுக்கு ஆறு பங்காகக் குறைந்து, எண்ணெய் அறுபதுக்கு மேலே போய்விடுகிறது. முழுக் காயாக ஓட்டுக்குள் இருக்கும்வரை அந்தத் தண்ணீர் பத்திரமானது. முற்றிலும் உலர்ந்த பிறகும் பயமில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற காலந்தான் ஆபத்தானது. நம் வீடுகளில் கெட்டுப்போகும் தேங்காய் எல்லாம் இந்த நடுவழியில் கெட்டுப்போவதுதான்.

முதலில் முழுக் காயைப் பார்ப்போம். ஓடு கல்லைப் போல இருந்தாலும் அதற்கு ஒரு வாசல் உண்டு. சுடுகிற அன்று நாம் குச்சி சொருகும் அந்த மிருதுவான கண்ணேதான் அது. அதற்கு நேர் உள்ளே முளை இருக்கிறது. அது வெளியே வருவதற்காகவே இயற்கை அந்த இடத்தில் ஓட்டை வைத்து மெல்லிய சவ்வால் மூடியிருக்கிறது. முளை வெளியே வரக்கூடிய வழியில் பூசணம் உள்ளே போகாதா? போகும். அதனால்தான் கண்ணை மூடினாற்போல் நாரில் ஒரு குடுமியை விட்டுத் தேங்காய் உரிப்பது நம்மவர்கள் வழக்கம். குடுமியை உடைக்கிற சமயத்தில்தான் எடுக்க வேண்டும். பார்வைக்கு அழகாயிருக்கட்டும் என்று கடையிலேயே குடுமியைச் சிரைத்துக்கொண்டு வருகிறவர்கள் அந்தக் காயை இரண்டு மூன்று நாளில் உடைத்துவிடுவது நல்லது.

கடையில் பொறுக்கும்போது எல்லோரும் காதருகே ஆட்டிப் பார்க்கிறார்கள். அது சரியே; நீர் ஆடும் ஓசை வேண்டும், கையில் கனமும் வேண்டும். ஆனால் பத்தில் ஒருவர்கூடக் குடுமியை விலக்கிக் கண்ணைப் பார்ப்பதில்லை. கண் உலர்ந்திருக்க வேண்டும். அங்கே ஈரக் கசிவோ, வெண்மையான பொடியோ, புளித்த வாடையோ இருந்தால் காயை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வெயில் நாளில் காய் விரிசல் விடாதிருக்கக் கடைக்காரர்கள் தண்ணீர் தெளித்து வைப்பதுண்டு. அந்தத் தண்ணீர் குடுமி நாரில் தங்கிக் கண்ணை ஊறவைத்துவிடும். வீட்டிலும் குடுமி மேலே இருக்கும்படி, காற்றாடும் இடத்தில், ஒன்றோடொன்று நெருக்காமல் வைக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் உள்ளே இருக்கும் நீர் இரவும் பகலும் அந்தப் பலவீனமான இடத்தையே நனைத்துக்கொண்டிருக்கும். சுவாமி சந்நிதியில் அழுகல் காய் உடைந்துவிட்டால் முகம் வெளிறிப்போய் நிற்கும் தாய்மார்களுக்கும் இதையே சொல்வேன்: குடும்பத்துக்கு வரப்போகும் கஷ்டம் ஒன்றையும் அந்தக் காய் அறியாது, கடையில் அதன் கண் நனைந்தது, அவ்வளவுதான்.

இதை வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் வேடிக்கையானதல்ல. டென்மார்க் தேசத்தில் ஆர்ஹஸ் நகரில் நடந்த ஒரு சம்பவத்தை 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த வைத்தியக் கட்டுரை ஒன்று விவரிக்கிறது. 69 வயதுள்ள ஒரு மனிதர், மேல்மட்டை சீவி, உறிஞ்சு குழல் செருகுவதற்கு எளிதாக ஒரு துவாரம் தயாரித்து விற்கப்படும் தேங்காயை வாங்கியிருக்கிறார். அப்படிச் சீவின காயைக் குளிர்சாதனப் பெட்டியில் 4, 5 பாகை உஷ்ணத்தில் வைக்க வேண்டும். அவர் சமையலறை மேஜைமேல் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டார். பிறகு ஒரு நாள் குழலைச் செருகிக் கொஞ்சம் உறிஞ்சியதுமே ருசி கெட்டிருப்பது தெரிந்து நிறுத்திவிட்டார். காயைத் திறந்து பார்த்தால் உள்ளே அழுகல். சில மணி நேரத்துக்குள் வாந்தி, வியர்வை, தள்ளாட்டம், அறிவு மயக்கம்; ஆஸ்பத்திரியில் சேர்த்தும் 26 மணி நேரத்தில் மூளை செயலற்று இறந்துபோனார். காய்க்குள் வளர்ந்த பூசணம் உண்டுபண்ணிய 3-நைட்ரோபுரோபியோனிக் அமிலம் என்னும் விஷமே காரணம் என்று கண்டார்கள். வட சீனத்தில் பூசணம் பிடித்த கரும்பைத் தின்று குழந்தைகள் மாண்டதும் இதே விஷத்தால்தான். இப்படி நேருவது அபூர்வத்திலும் அபூர்வம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வேனிற்காலத்தில் சீவிய இளநீரை “சாயங்காலம் குடிக்கலாம்” என்று ஜன்னலில் வைக்கிற வீடுகளை நான் அறிவேன். சீவின காயை உடனே குடித்துவிட வேண்டும். முடியாதபோது குளிரில் வைத்து மறுநாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். ருசி பேதித்தால் “துப்பிவிட்டு இன்னொரு வாய் பார்க்கலாம்” என்னும் ஆராய்ச்சி கூடாது.

உடைத்த மூடி விஷயத்தில் நம் பாட்டிமார்களின் வழக்கங்கள் அநேகமாகச் சரியே. கண் இருக்கிற மூடியை முதலில் உபயோகிக்கச் சொல்வார்கள்; அந்தப் பாதி முந்திக் கெடும். மறு பாதியில் உப்பைத் தடவிக் கவிழ்த்து வைப்பார்கள். உப்பு மேற்பரப்பின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கிருமிகளை ஓரளவு தடுக்கும். இது ஒரு நாள் உபாயமே தவிர ஒரு வார உபாயம் அன்று. குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள் செய்யும் தவறு, மூடியை நீர் சொட்டச் சொட்டப் பாலிதீன் பைக்குள் போட்டு முடிச்சுப் போடுவது. கோவிலிலிருந்து வருகிற பிரசாதத் தேங்காய் பையோடு பையாக மத்தியானம்வரை கிடந்து, பிறகு அப்படியே பெட்டிக்குள் போவதையும் பார்க்கிறோம். வந்தவுடன் மூடியைத் துணியால் துடைத்து, ஈரமில்லாத மூடிபோட்ட பாத்திரத்தில் வைத்தால் நாலைந்து நாள் ருசி மாறாமலிருக்கும். மேலே வழவழப்புத் தட்டினால் கழுவிச் சுரண்டி உபயோகிக்கலாமென்று நினைக்க வேண்டாம்.

துருவலாக வைக்க விரும்புகிறவர்கள் உறைநிலைப் பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்துச் சிறு சிறு பொட்டலமாக வைக்க வேண்டும். ஒரே கட்டியாக வைத்து, தினமும் வெளியே எடுத்து இளகவிட்டு, வேண்டியதைச் சுரண்டிக்கொண்டு மீதியைத் திரும்ப வைப்பது உறையவே வைக்காததற்குச் சமானம்.

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த ஓர் அனுபவத்தை இங்கே சொல்ல வேண்டும். மாசி பிறந்துவிட்டால் எங்கள் வகுப்பில் மத்தியான மணி அடித்துச் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்ததும் புளிப்பு வாடை மூக்கைத் தாக்கும். பாதிக் குழந்தைகள் சட்டினியை ஒதுக்கிவிட்டு வெறும் இட்டிலியைத் தின்னும். சில சமர்த்துக் குழந்தைகள் அம்மா கோபித்துக்கொள்வாளே என்று புளித்ததையும் தின்றுவிட்டுப் பிற்பகலில் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். காலை ஏழு மணிக்குப் பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்த தேங்காய், சூடான இட்டிலியின் பக்கத்திலேயே இறுக மூடின பெட்டியில், 12 மணிவரைக்கும் புழுங்கினால் வேறு என்ன ஆகும்? கொதித்து ஆறின நீரில் அரைத்து, தாளித்ததைக் கலந்து, நன்றாக ஆறின பிறகு தனிக் கிண்ணத்தில் வைத்தால் கொஞ்சம் தாங்கும். அதைவிட நல்ல வழி, வேனிற்காலத்தில் பள்ளிக்கூடப் பெட்டிக்குப் பச்சைத் தேங்காயையே விலக்கி, கொப்பரையைச் சிவக்க வறுத்து மிளகாய், பூண்டு, உப்புடன் இடித்த பொடியை வைப்பது. ஈரம் இல்லாத தேங்காய் புளிக்காது.

தேங்காய்ப் பாலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிழிந்த பால் பசும்பாலைவிட அவசரக்காரி. வெளியே வைத்தால் சில மணி நேரம். குளிரில் வைத்தால் இரண்டு நாள். மேலே கட்டியாக மிதப்பது கொழுப்பு. அது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று, கலக்கினால் சேர்ந்துவிடும். அடுப்பில் கொதி வந்தால் திரிகிறதே என்று கேட்பவர்களுக்கு: பாலில் இருக்கும் புரதம் 80 பாகை உஷ்ணத்தருகில் உறையத் தொடங்கிவிடும். ஆகையால் இரண்டாம் பாலில் காயை வேகவிட்டு, முதற்பாலைக் கடைசியில் விட்டு, கொதி வருமுன் இறக்க வேண்டும்.

இனி, கொப்பரை. நமது சமவெளியில் இதுவே பிரதானம். பரமத்தி வேலூர், மோகனூர், ஜேடர்பாளையம் என்று காவேரிக் கரை நெடுகிலும் தென்னந்தோப்புகள். பரமத்தி வேலூரில் நடைபெறும் தேங்காய்ப் பருப்பு ஏலத்தின் உச்ச விலையும் தாழ்ந்த விலையும் பத்திரிகைகளில் வருகின்றன. அந்த இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு முறை கவனித்துப் பாருங்கள். பூசணமும் கறுப்பும் இல்லாமல் முறிய உலர்ந்த பருப்புக்கு ஒரு விலை, அரைகுறையாகக் காய்ந்ததற்கு ஒரு விலை. வியாபாரி தெரிந்து வைத்திருப்பதை வீட்டுப் பெண்கள் தெரிந்து வைத்திருக்கவில்லை என்பதற்கு என்னையே உதாரணமாகக் கூறலாம்.

2025-ஆம் ஆண்டில் தேங்காய் விலை ஏறின ஏற்றத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டுப் பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசாங்கம் நிர்ணயித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். வெளிச்சந்தையிலோ அதற்கு வெகு மேலே போய்விட்டது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஐப்பசி மழைக்கு முன்பாக நாற்பது காய் உடைத்து மாடியில் காயப் போட்டோம். இரண்டாம் நாளே வானம் மூடிக்கொண்டது. மூடிகளை வாரி எடுத்துக் கூடத்து மூலையில் சாக்கின்மேல் குவித்தோம். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் மூன்றிலொரு பங்கில் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம். என் மாமியார் எண்பதை நெருங்குகிறவர், சிக்கனமான பரம்பரை.

“அம்மிணி, இதுக்குப் போயி மலைச்சு நிக்கிறயா? துணியில தொடச்சு ஒரு வெயில்ல போட்டா எல்லாம் போயிரும். செக்குல ஆட்டினா எண்ணெய் எண்ணெய்தானே?” என்றார்.

“சரிங்க அத்தை” என்றேன். எட்டாம் வகுப்புக்குப் பூஞ்சைகளைப் பற்றி வருஷந்தோறும் பாடம் நடத்துகிறவள் நான். விலையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன் என்பதே உண்மை.

செக்குக்காரர் மூட்டையைப் பிரித்ததும் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு ஒன்றும் பேசாமல் பருப்பை இரண்டு குவியலாகப் பிரிக்கத் தொடங்கினார்.

“டீச்சர், இந்தக் குமியலை ஆட்டித் தர்றேனுங்க. அதை நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க.”

“துடைச்சுத்தானே கொண்டுவந்திருக்கோம்?”

“தொடச்சது மேலாப்பலதானுங்க. இதைக் கோழிப்பண்ணைக்குக் கொண்டுபோனாக்கூட வாங்க மாட்டாங்க. நீங்க கொழந்தைங்களுக்குச் சமைக்கிறவங்க.”

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. முட்டைக்குப் பெயர்போன நமது நாமக்கல்லில் கோழித்தீவனத்தில் இந்தப் பூசண விஷம் இருக்கிறதா என்று பரிசோதிப்பது சாதாரண விஷயம். கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதற்கென்று பரிசோதனைச் சாலையே இருக்கிறது. கோழிக்குப் போடுவதைப் பரிசோதிக்கிற ஊரில், குழந்தைக்குப் போடுவதைத் துணியால் துடைத்துவிட்டுத் திருப்தி அடைகிறோம்.

அந்த விஷத்துக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டுபோயின. துருவிப் பார்த்தபோது, பிரேஸில் தேசத்திலிருந்து தீவனத்துக்காக வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தது புலப்பட்டது. அதிலிருந்துதான் இந்த விஷத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். கடலையைப் போலவே கொப்பரையும் அந்தப் பூசணத்துக்குப் பிரியமான இடம். இது ஒரே நாளில் ஆளை விழுத்தும் விஷம் அன்று. சிறுகச் சிறுகக் கல்லீரலைக் கெடுப்பது, புற்றுநோயை உண்டாக்குவது. வறுத்தாலும் தாளித்தாலும் அது அழிவதில்லை, ஏனெனில் சமையல் உஷ்ணத்தைச் சுலபமாகத் தாங்கிவிடும். துடைத்தால் போவது பூசணத்தின் தலைமயிர் மாத்திரமே. வேரும் விஷமும் பருப்புக்குள் இருக்கும்.

“எண்ணெய் எண்ணெய்தானே?” என்று அத்தை கேட்டதற்கு விடை இதில்தான் இருக்கிறது. பெரிய ஆலைகளில் சுத்திகரிக்கும் எண்ணெயைக் காரம் சேர்த்துக் கழுவி, மண்ணால் நிறம் போக்கி எடுக்கிறார்கள். அந்த முறைகளில் இந்த விஷம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. செக்கெண்ணெயில் அவை ஒன்றும் இல்லை. செக்கெண்ணெயின் பெருமையே அதுதானே என்று நாம் சந்தோஷப்படுகிறோம்; சந்தோஷப்படலாம். ஆனால் செக்கில் போட்ட கொப்பரை எப்படியோ எண்ணெயும் அப்படியே. கலப்படத்துக்குப் பயந்து செக்குக்குப் போகிறவர்கள் மற்றவர்களைவிடப் பத்து மடங்கு ஜாக்கிரதையாகப் பருப்பைப் பொறுக்க வேண்டும். புண்ணாக்குக்கும் இதுவே விதி. பூசணப் புண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலில் அந்த விஷம் வேறு உருவில் இறங்குகிறது. அந்தப் பாலைக் குடிப்பது வீட்டுக் குழந்தையே.

அன்று செக்குக்காரர் ஒதுக்கின குவியலை வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தோம். அத்தை ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு தாமாகவே, தம்முடைய மாமியார் காலத்தில் காய் உடைத்த அன்று வீட்டில் யாரும் வேறு வேலை பார்த்ததில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கொப்பரை போடக் கற்றுக்கொண்டேன். காலை வெயில் ஏறும் சமயத்தில் உடைக்க வேண்டும். முந்தின இரவே உடைத்து வைப்பது கூடாது. நீரை வடித்துத் துடைத்து, மூடியின் வாய் மேலே பார்க்க வைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் வெயில்தான் உயிர்நாடி. ஈரம் மிகுந்திருக்கிற அந்தச் சமயத்தில்தான் பூசணம் இடம் பிடிக்கிறது. இரண்டு மூன்று நாளில் பருப்பு சுருங்கி ஓட்டைவிட்டு விலகும். தோண்டி எடுத்து மேலும் நாலைந்து நாள் காயவிட வேண்டும். சாயங்காலம் பனி இறங்குமுன் எடுத்து மூடிவிட வேண்டும். மழை வந்துவிட்டால் குவிக்காமல் பரப்பி, விசிறியின் கீழோ அடுப்பின் அனலிலோ உலர்த்த வேண்டும். எங்கள் குற்றம் மழையில் இல்லை, குவித்ததில் இருந்தது. காய்ந்துவிட்டதா என்று அறிய முறித்துப் பாருங்கள். டக்கென்று முறிய வேண்டும், முறிந்த இடம் உட்புறத்திலும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

ஆடி மாதத்தில் நம் பக்கம் வீசும் காற்று உலர்த்துவதற்கு நல்ல துணை. புழுதிக்கு ஒரு மெல்லிய துணியை மேலே கட்டிவிட்டால் போதும்.

பழைய வீடுகளில் கொப்பரைக்கு வேறொரு மார்க்கமும் இருந்தது. முற்றின நெற்றை மட்டையோடு அடுப்புக்கு மேலேயுள்ள பரணில் போட்டுவிடுவார்கள். எட்டு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் உள்ளே இருக்கும் நீர் தானே வற்றி, பருப்பு முழுப் பந்தாக ஓட்டைவிட்டுக் கழன்று லொடலொடவென்று ஆடும். குண்டுக் கொப்பரை என்பது அதுவே. கர்நாடகத்துத் திப்டூர் அதற்குப் பேர்போன ஊர். இப்பொழுது பரண் ஏது, விறகடுப்பின் புகை ஏது? ஆகவே கடையில் வாங்குகிறோம். வாங்கும்போது பால் வெள்ளையாகப் பளிச்சென்று இருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். நிறம் கறுக்காமலும் பூசணம் பூக்காமலும் இருப்பதற்காகச் சில களங்களில் கந்தகப் புகை காட்டுகிறார்கள். வெயிலில் காய்ந்த பருப்புக்கு இலேசான மங்கல் நிறம் இருக்கும். மூக்கருகே வைத்தால் தேங்காய் மணக்க வேண்டும். தீக்குச்சி கிழித்த நெடி வந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா உள்ள வீட்டில் இது முக்கியம்.

எண்ணெய்க்கு வருவோம். நல்ல கொப்பரை ஒரு கிலோ ஆட்டினால் 600 கிராமுக்குச் சற்று முன்பின்னாக எண்ணெய் கிடைக்கும். அதை அன்றைக்கே ஜாடியில் ஊற்றி மூடுவதுதான் ராசிபுரம் சகோதரியின் எண்ணெய் கெட்டதற்குக் காரணமாக இருக்க வேண்டும். புது எண்ணெயில் மண்டியும் அதில் துளி ஈரமும் இருக்கும். வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி ஒன்றிரண்டு நாள் வெயிலில் வைத்து, பிறகு அசைக்காமல் தெளியவிட்டு, மேல் எண்ணெயை மாத்திரம் இறுத்துக்கொள்ள வேண்டும். அடி மண்டியை உடனே உபயோகித்துவிடலாம், சேர்த்து வைக்கலாகாது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம் என்னும் வஸ்து கொழுப்போடு பிணைந்து இருக்கிறது. ஈரமும் பூசணமும் சேர்ந்து அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிட்டால் அமிலம் தனியே பிரிந்து சவுக்கார வாடை கிளம்புகிறது. உண்மையில் சவுக்காரம் செய்வதற்கும் அந்த அமிலமே பயன்படுகிறது. ஆகையால் மூக்கு பொய் சொல்வதில்லை.

பாத்திரம் கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் எதுவானாலும் சரி, உள்ளே எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும். செம்பும் இரும்பும் எண்ணெயைச் சீக்கிரம் காறச் செய்யும். பித்தளையிலும் செம்பு இருப்பதால் ஈயம் பூசாத பித்தளைத் தூக்கு உதவாது. மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்தால் கவலை வேண்டாம். 24 பாகைக்குக் கீழே அதன் சுபாவமே அப்படி. உறைந்ததைச் சுரண்டக் குழம்புக் கரண்டியை ஈரத்தோடு விடுவதுதான் கவலைக்குரிய காரியம்.

நமது பக்கத்தில் சமையலுக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயுந்தான். தேங்காய் எண்ணெயைத் தலைக்கு வைத்துக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறோம். மலையாளத்தில் நேர்மாறு. இந்த வித்தியாசம் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போனது பல பேருக்குத் தெரியாது. அந்த வழக்கில் கட்சிக்காரரே சேலத்து மத்தியக் கலால் கமிஷனர்தான்! சிறு புட்டிகளில் விற்கும் தேங்காய் எண்ணெய் உண்ணும் எண்ணெயா, கூந்தல் தைலமா என்பது கேள்வி; அக்காலத்தில் இரண்டுக்கும் வரி வேறு. 2018-இல் விசாரித்த இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். 2024 டிசம்பர் 18-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் கூடி, கூந்தலுக்கென்று குறித்து விற்றாலொழியப் புட்டி சிறியது என்பதாலேயே அது தைலமாகிவிடாது என்று தீர்த்தார்கள். நமக்கு இதில் கிடைக்கும் பாடம் சிறியது. கடைப் புட்டியை அடுப்பங்கரையில் உபயோகிப்பதானால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் அதன்மேல் இருக்கிறதா என்று பாருங்கள். வாசனை சேர்த்த கூந்தல் எண்ணெயில் அப்பளம் பொரித்த வீடொன்றையும் நான் அறிவேன். அது எங்கள் வீடல்ல.

உலர்ந்த கொப்பரை சிறு அளவாக எப்போதும் டப்பாவில் இருந்தால் சமையலுக்கு எவ்வளவோ சௌகரியம். கறிக்குழம்புக்கு மசாலாவோடு வறுத்து அரைக்கலாம். பள்ளிபாளையத்துக் கோழி வறுவலில் மிளகாய்க்குச் சரிசமமாகப் போடும் தேங்காய்ப் பல்லுக்குப் பச்சைத் தேங்காய்தான் வேண்டும் என்று ருசி அறிந்தவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள்; அவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஒப்பட்டுக்குப் பூரணம் கிளறுகிறவர்கள் துருவலை வெல்லப்பாகில் நீர் சுண்டும்வரை கிளறினால் பூரணம் இரண்டு நாள் தாங்கும். அவசரப்பட்டு இறக்கினால் மறுநாள் காலையிலேயே நூல் விடும்.

கடைசியாக, சுட்ட தேங்காயில் மிஞ்சினதை எப்படி வைத்துக்கொள்வது என்றும் அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார். வெல்லமும் நீரும் பருப்பும் கலந்து பாதி வெந்தது அது. வெளியே வைத்தால் மறுநாள் மத்தியானம்வரை தாங்காது. ஓட்டிலிருந்து எடுத்துக் குளிரில் வைத்து மறுநாள் காலைப் பலகாரத்தோடு தீர்த்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இதுவரையில் மிஞ்சினதில்லை.